ஏட்டில் ஏறாத ஓட்டங்கள்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று விடுக்குமாறு மலர்க்குழுவினர் எமக்கு எழுதியபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து சங்கச் செய்யுளொன்றின் நயமோ, நீதிநூலொன்றின் விளக்கமோ வருமென்றே எதிர்பார்த்திருப்பர். நாமோ விளையாட்டு மைதானத்துச் செய்தியொன்றைக் கையிலேந்தி அவர்கள்முன் நிற்கின்றோம். இது கண்டு முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருளுக. இறுதியில் எமது பாடத்துக்கே நாம் திரும்பி வருவோம் என்று உறுதி கூறுகின்றோம்.

விழா மலர்களின் இயல்பு யாவரும் அறிந்ததே. கல்லூரியை நிறுவிய பெரியார், அதனை வளர்த்த அதிபர்கள், பல்கலைக்கழகம் புகுந்தோர், அணித்தலைவர்கள், நன்கொடையாளர் என்று பெயர்கள் நிரலாக வரும். அவர்களைப் போற்றுதல் கடன். ஆயினும், போற்றத்தக்க செயல் செய்தும் எந்த நிரலிலும் இடம்பெறாத ஒரு கூட்டம் எல்லா நிறுவனத்திலும் உண்டு. அக்கூட்டத்தைப் பற்றி எண்ணுவதற்கு எமக்கு வழிகாட்டியது களத்தடுப்பு என்னும் கலையாகும்.

துடுப்பாட்டம் மூன்று கலைகளால் ஆயது. துடுப்பெடுத்து அடித்தல் ஒன்று, பந்து வீசுதல் மற்றொன்று, களத்தடுப்பு மூன்றாவது. முன்னைய இரண்டுக்கும் கணக்கேட்டிலே தனித்தனி நிரல்கள் உண்டு. அடித்தவர் எத்தனை ஓட்டம் பெற்றார் என்பதும், வீசியவர் எத்தனை விக்கெட்டுகளைச் சாய்த்தார் என்பதும் அங்கே ஐயமற விளங்கும். களத்தில் நின்றவர்க்கு உரியது யாது? பிடியொன்றைப் பற்றினால், வீச்சாளரின் பெயருக்கு முன்னே சிறியதோர் இடம் கிடைக்கும். நான்கு ஓட்டங்களுக்குப் போகவேண்டிய பந்தைப் பாய்ந்து தடுத்து, ஒன்றும் கொடாது நிறுத்தியவருக்கு ஏட்டிலே ஒரு புள்ளிதானும் இல்லை. புள்ளி விழுவது உண்மையே; ஆனால் அது ஓட்டமற்ற பந்தென்று வீச்சாளரின் நிரலிலே விழுகின்றது!

இன்னுமொன்று நோக்குக. 50 ஓவர் ஆட்டத்திலே 300 பந்துகள் முறையாக வீசப்படுகின்றன. துடுப்பெடுத்தவர் முதற்பந்திலேயே ஆட்டமிழந்தால் அன்றைய பொழுதுக்கு அவர் துடுப்பின் கடமை முடிந்தது. வீச்சாளர் ஒருவர் தமது 10 ஓவர்களை வீசி முடித்தால் தோளுக்கு ஓய்வுண்டு. களத்தடுப்பாளரோ அந்த 300 பந்துகளுக்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அவற்றுள் அவரிடம் வருவன மிகச் சிலவே. எது வரும் என்பது தெரியாமையால், ஒவ்வொன்றும் தம்மிடமே வருவதென்று எண்ணி வீச்சாளர் ஓடிவருகையில் தாமும் இரண்டடி முன்னசைந்து நிற்றல் வேண்டும். வராத பந்துக்காக விழித்திருத்தலே இக்கலையின் அடிப்படை.

காவற்றொழிலின் அருமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். தொல்காப்பியர் மதிலை வளைத்தலையும் காத்தலையும் உழிஞையென்னும் ஒரே திணையுள் அடக்கினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ மதில் காப்போருக்கு நொச்சி என்று தனித்திணையே வகுத்து, தனிப்பூவும் சூட்டியது. பகைவர் கவர்ந்த ஆநிரையைத் துரத்திச்சென்று மீட்பதற்கும் கரந்தை என வேறு திணை தந்தது. எல்லைக்கோட்டை நோக்கி ஓடும் பந்தைத் துரத்திச்சென்று மீட்டு எறியும் சிறுவனைக் காணுந்தோறும், இவன் கரந்தை சூடத்தக்கவன் என்றே எமக்குத் தோன்றும். வென்றவனுக்கு மட்டுமன்றிக் காத்தவனுக்கும் மீட்டவனுக்கும் பெயரிட்டுப் பூவும் தந்த இலக்கணம் நம்முடையது. துடுப்பாட்டத்தின் கணக்கேடு அந்த இலக்கணத்தைக் கற்கவில்லை.

அமெரிக்கருடைய பேஸ்போல் ஆட்டத்திலே நிலைமை சற்று வேறு. அங்கே காப்போர் ஒன்பதின்மர். ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தவர் யார், அவருக்குப் பந்தை எறிந்து துணைநின்றவர் யார் என்று இருவர் பெயரிலும் கணக்கு வைப்பர். 1957ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு நிலையிலும் சிறந்து காத்தவருக்குத் தங்கக் கையுறை என்னும் விருதையும் வழங்கி வருகின்றனர். செயின்ற் லூயிஸ் அணியின் ஒஸ்ஸி ஸ்மித் என்பவர் 1980 தொடக்கம் 1992 வரை 13 ஆண்டுகள் இடையறாது அவ்விருதைப் பெற்றார். 2002இல் அவ்வாட்டத்தின் புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். காத்தலாலேயே ஒருவர் புகழின் உச்சியை அடையலாம் என்பதற்கு அவர் சான்று.

ஆயினும் அவர்களுடைய ஏட்டிலும் ஒரு குறையுண்டு. அவர்தம் ஓட்டப்பலகையிலே ஓட்டம், அடி, பிழை என மூன்று நிரல்களைக் காணலாம். காப்பவருடைய பிழை ஊரறியப் பலகையில் ஏறுகின்றது. அவர் காத்த காவல் அவ்வாறு ஏறுவதில்லை. மேலும், பிழையென்று குறிக்கப்படுவது எட்டிய பந்தைக் கைவிட்டதற்கே. விரைந்தோடி அரிய பந்தொன்றை எட்டி, விரல்நுனியில் நழுவவிட்டவருக்குப் பிழை விழக்கூடும். சோம்பி நின்று அதே பந்தை எட்டாதிருந்தவருக்குப் பிழையே இல்லை! அந்த ஏட்டின்படி, அசையாதவன் குற்றமற்றவன் ஆகின்றான். வகுப்பறையிலே பணிபுரியும் எமக்கு இது நன்கு பழகிய செய்தி. வினாவுக்குக் கையுயர்த்தித் தவறான விடை பகரும் மாணவனைச் சிரிக்கின்றோம். வாயே திறவாத மாணவனை அடக்கமுடையவன் என்று பாராட்டுகின்றோம்.

இனி, எம் நாட்டு அணியொன்று ஒரு பருவம் முழுவதும் காத்த காவலைச் சிறிது நினைவுகூர்வோம். 1995ஆம் ஆண்டின் இறுதியும் 1996ஆம் ஆண்டின் தொடக்கமும் இலங்கைத் துடுப்பாட்டத்துக்குச் சோதனைக்காலம். 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் நகரிலே முத்தையா முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென்று நடுவரொருவரால் அறிவிக்கப்பட்டது. 1996 ஜனவரி 31ஆம் நாள் கொழும்பு மத்திய வங்கியின்மீது நிகழ்ந்த குண்டுத்தாக்குதலின் பின்னர், அவுஸ்திரேலிய அணியும் மேற்கிந்திய அணியும் உலகக் கிண்ண ஆட்டங்களுக்காகக் கொழும்புக்கு வர மறுத்தன. அந்நிலையிலே, டேவ் வட்மோரைப் பயிற்றுநராகவும் அலெக்ஸ் கொன்டூரியை உடற்பயிற்சி மருத்துவராகவும் கொண்டு, உடலைத் திருத்திக் களத்தடுப்பைக் கூர்மையாக்கிக்கொண்ட அணியொன்று அர்ஜுன ரணதுங்கவின் தலைமையிலே புறப்பட்டது.

அக்கிண்ணத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும் சனத் ஜயசூரியவும் களுவித்தாரணவும் முதல் 15 ஓவர்களில் அடித்த அடியையும், இறுதியாட்டத்திலே அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது பெற்ற 107 ஓட்டங்களையுமே பேசுவர். அவை பேசத்தக்கனவே. எனினும் ஏட்டை வேறொரு கண்கொண்டு பார்க்க விரும்புவோர், இறுதி இரண்டு ஆட்டங்களில் எதிரணியின் விக்கெட்டுகள் எவ்வாறு வீழ்ந்தன என்று எண்ணிப் பார்ப்பாராக.

மார்ச் 13ஆம் நாள் கல்கத்தாவில் அரையிறுதி. இலங்கை 251 ஓட்டங்கள் பெற்றது. தொடர்ந்தாடிய இந்திய அணி 98 ஓட்டங்களுக்கு ஒரே விக்கெட்டை இழந்து திடமாக நின்றது. 65 ஓட்டங்கள் பெற்றிருந்த சச்சின் டெண்டுல்கர், ஜயசூரியவின் பந்துக்கு எல்லைக்கோட்டை விட்டு வெளியே வந்த கணமொன்றிலே, களுவித்தாரண பந்தைப் பற்றி விக்கெட்டைத் தட்டிவிட்டார். அக்கணத்திலிருந்து ஆட்டம் சரிந்தது. 120 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டுகள் வீழ்ந்த நிலையிலே, பார்வையாளரின் குழப்பத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டு வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. அந்த எட்டு விக்கெட்டுகளுள் நான்கு பிடிகள்; ஒன்று களுவித்தாரணவின் கைவண்ணம்; ஒன்று ஓடுகையில் வீழ்த்தியது. பந்துவீச்சாளர் தனித்து நின்று விக்கெட்டைத் தகர்த்தவை இரண்டே.

மார்ச் 17ஆம் நாள் லாகூரில் இறுதியாட்டம். முதலில் ஆடிய அவுஸ்திரேலிய அணி மார்க் டெய்லரும் ரிக்கி பொன்டிங்கும் இணைந்து பெற்ற 101 ஓட்டங்களால் 137க்கு ஒரு விக்கெட் என்ற நிலையை எய்தியது. டெய்லர் அடித்த பந்து ஜயசூரியவின் கைகளில் அடங்கிற்று. 170 ஓட்டங்களை எட்டும்போது ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்திருந்தன. 300 ஓட்டங்களை நோக்கிச் சென்ற அணி 241 உடன் நின்றது. அன்று வீழ்ந்த ஏழு விக்கெட்டுகளுள் நான்கு பிடிகள். ஒன்று மீண்டும் களுவித்தாரணவினுடையது. இரண்டு மாத்திரமே நேரே தகர்க்கப்பட்டவை. ஆக, அவ்விரு ஆட்டங்களிலும் வீழ்ந்த 15 விக்கெட்டுகளுள் 11, பிடித்த கையாலும் எறிந்த கையாலும் தட்டிய கையாலும் வந்தவை. இரவுப் பனியிலே நனைந்த பந்தை அவுஸ்திரேலியர் சிலமுறை நழுவவிட்டமையும் அதே ஆட்டத்தில் நிகழ்ந்தது. இரண்டாவதாக ஆடி உலகக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தை வென்ற முதல் அணி என்ற பெயர் இலங்கைக்கு வாய்த்தது.

அவ்விறுதியாட்டத்தின் ஏட்டிலே எம் கண் சென்று தங்குமிடம் வேறொன்றுண்டு. மூன்று விக்கெட்டுகளை மாத்திரம் இழந்து இலங்கை வென்றமையால், ரொஷான் மகாநாம அன்று துடுப்பெடுத்தாடவில்லை, பந்து வீசவுமில்லை, அவர் பெயரில் ஒரு பிடியுமில்லை. அரையிறுதியிலே 58 ஓட்டங்கள் பெற்று, கால் பிடித்திழுக்கத் தாங்கமாட்டாது வெளியேறிய வீரர் அவர். அக்காலத்து இலங்கை அணியின் மிகச் சிறந்த களத்தடுப்பாளர்களுள் ஒருவர். உலகக் கிண்ணத்தை வென்ற நாளில் அவர் பெயருக்கெதிரே ஏட்டிலே இலக்கம் எதுவுமில்லை. அந்த வெறுமையைக் கண்டு அவர் அன்று யாதும் செய்யவில்லை என்று கூறுவார் உளரோ? 50 ஓவர்களும் அவர் நின்ற பக்கத்திலே ஓட்டம் திருட அஞ்சிய கால்களின் கணக்கை எந்த ஏட்டிலே தேடுவது?

அப்போது நாம் நம் கல்லூரியின் விடுதிச்சாலையில் இருந்தோம். ஒரே தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி விடுதி மாணவர் அனைவரும் அமர்ந்திருக்க, சமையற்கட்டிலிருந்தோரும் கைவேலையை விட்டு வந்து கதவோரத்தில் நின்று பார்த்தனர். முரளிதரன் பந்தெடுக்குந்தோறும் எம்முள் எழுந்த உவகைக்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. அவர் கண்டியிலே பிறந்தவர். தேயிலைத் தோட்டத்தில் உழைக்கவென்று தமிழகத்திலிருந்து வந்த பாட்டனாரின் வழித்தோன்றல். எம் பாட்டனாரும் அவ்வழி வந்தவரே.

அம்முரளிதரன் 14 ஆண்டுகளின் பின்னர், 2010 ஜூலை 22ஆம் நாள் காலியிலே, டெஸ்ட் ஆட்டங்களில் தமது 800ஆவது விக்கெட்டை எடுத்தார். உலகில் வேறெவரும் எட்டாத எண் அது. டெஸ்ட் ஆட்டத்தில் அவர் வீசிய இறுதிப் பந்தும் அதுவே. அப்பந்து பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் பட்டுச் சென்றது எங்கே? மஹேல ஜயவர்தனவின் கைகளுக்கே. முரளிதரனின் பந்துவீச்சிலே ஜயவர்தன பற்றிய பிடிகள் 77. ஒரு வீச்சாளருக்காகக் களத்தடுப்பாளர் ஒருவர் டெஸ்ட் ஆட்டங்களில் அத்தனை பிடிகளைப் பற்றியது அதற்குமுன் இல்லை. சிங்களத் தாயின் மகனும் தமிழ்த் தாயின் மகனுமாக, ஒருவர் வீச ஒருவர் ஏந்திய அந்த 77 பந்துகள், இந்நாட்டு மேடைகளிலே பேசப்பட்ட ஒற்றுமைப் பேச்சுகள் பலவற்றினும் மேலானவை என்பது எமது துணிபு.

இனி எம் ஊருக்கு வருவோம். ஆசிரிய கலாசாலையிலே பயிற்சிச் சான்றிதழ் பெற்று, அப்புத்தளையை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கத் தொடங்கினோம். அப்புத்தளை மலைமுகட்டிலே அமைந்த ஊர் என்பதை அன்பர்கள் அறிவர். வானம் வெளுத்த நாளில் தென்புறத்துச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். அடுத்த நாழிகையிலே மலைமுகம் மூடி, எதிரே நிற்பவரின் முகமும் தெரியாது. ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் காற்று, எம் மைதானத்திலே உயர எழுந்த பந்தையும் தன் விருப்பம்போல் இழுத்துச் செல்லும்.

மைதானம் என்று நாம் கூறுவது, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலத்தையே. ஒரு புறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். பள்ளத்துப் பக்கம் போன பந்து தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு, கானில் விழுந்து, கீழ்மலைக்குப் போய்விடும். அதைத் தேடுதற்கு அரைமணி நேரம் ஆகும். தேடியும் கிடையாத நாளுண்டு. புதிய பந்து வாங்குவதென்றால் பெற்றோரின் ஒருநாட் கூலியிலே பெரும்பகுதி. ஆதலால் எம் மாணவர் அடிக்கக் கற்பதற்கு முன்னரே தடுக்கக் கற்றனர். கொழும்பிலே களத்தடுப்பு பயிற்சியால் வருவது. எம் மலையிலே அது வறுமையால் வந்தது.

எம் பாடசாலை அணியிலே மாணவன் ஒருவன் பள்ளத்துப் பக்கமே எந்நாளும் நிற்பான். மெலிந்த தேகம், பேச்சு அரிது. துடுப்பெடுத்தால் இரண்டு மூன்று ஓட்டங்களுக்குமேல் நில்லான். பந்து வீசவும் அறியான். ஆயினும் அவனைக் கடந்து பள்ளத்திலே விழுந்த பந்துகள் மிகச் சிலவே. பந்து வருமுன்னரே அதன் வழியை அறிந்து நிற்பான். பிடிக்கும்போது கைகளைப் பந்துக்கெதிரே நீட்டாது, அதனோடு சிறிது பின்வாங்கிப் பஞ்சுபோல் ஏந்துவான். மறுமுனையில் ஒருவர் எறியும்போதெல்லாம், தவறினால் தடுப்பதற்காக எவரும் பணியாமலே ஓடிச்சென்று பின்காவல் நிற்பான். எறிந்த பந்து தவறாத நாளிலே அவ்வோட்டத்தை எவரும் கண்டிலர்.

ஆட்டம் முடிந்த ஒரு மாலை, கணக்கேட்டை மடித்துக்கொண்டிருந்த எம்மருகே அவன் வந்து நின்றான். நெடுநேரம் தயங்கியபின், “சேர், அடிச்சவனுக்கும் போட்டவனுக்கும் பேர் போடுறீங்க. களத்துல நிக்கிறவனுக்குப் பேர் விழாதா?” என்று கேட்டான்.

தோட்டத்து வழக்கை அறியாத அன்பர்களுக்கு இக்கேள்வியின் பாரம் விளங்காது. மலைநாட்டிலே ‘பேர்’ என்பது அழைக்கும் பெயர் மாத்திரமன்று. பெரட்டுக்களத்திலே நின்று, நாள்முழுதும் உழைத்து, செக்றோலிலே பதியப்படும் ஒருநாட் கூலிக்கும் அதுவே பெயர். முழுப்பேர் விழுந்தால் அன்றைய அடுப்பு எரியும்; கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்தால் வீட்டிலே அரைவயிறு. ‘பேர் விழவில்லை’ என்றால் செய்த வேலை செய்யாத வேலையாயிற்று என்பது பொருள். அதற்கும் அப்பாலொன்றுண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுள் மிகப் பெரும்பாலாரின் பெயர்கள் நாட்டின் ஏட்டிலேயே ஏறாது போயின. எஞ்சியோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. பேரன் கேட்ட கேள்வியைப் பாட்டன் முன்னரே கேட்டிருந்தான். அவனுக்கு விடை கிடைக்க அரை நூற்றாண்டு சென்றது.

மாணவனை அத்தனை காலம் காக்கவைக்க எமக்கு மனமில்லை. அவ்வாரமே நூறு பக்கக் கொப்பியொன்று வாங்கி, முகப்பிலே ‘காப்பேடு’ என்று எழுதினோம். தடுத்த பந்துக்கு ஒரு கோடு. பிடிக்கு ஒரு நட்சத்திரம். பந்து வந்தாலும் வராவிட்டாலும் பின்காவலுக்கு ஓடியவருக்கு ஒரு புள்ளி. பிழையைக் குறிப்பதிலே மாத்திரம் அமெரிக்கரின் வழியை விட்டு விலகினோம். முயன்று எட்டித் தவறியவருக்கு வெறும் வட்டம், அது குற்றமன்று. முயலாது நின்றவருக்கே குறுக்குக்கோடு. மேல்வகுப்பு மாணவியொருத்தி மண்மேட்டிலே அமர்ந்து அதனை எழுதினாள். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்திலே, ஓட்டம் பெற்றோரின் பெயர்களை வாசித்தபின், காப்பேட்டையும் வாசிக்க அதிபர் இசைந்தார்.

முதல் ஆட்டத்தின் பக்கத்திலே பெரும்பாலான கோடுகள் அம்மாணவன் பெயரிலேயே இருந்தன. அடுத்தடுத்த ஆட்டங்களிலே பிறர் பெயர்களிலும் கோடுகள் ஏறலாயின. பருவத்தின் நடுப்பகுதிக்குள் புள்ளிகள் பெருகின. வராத பந்துக்காக ஓடும் கால்கள் பலவாயின. துடுப்பிலே வல்லவனாகிய அணித்தலைவன், தன் பெயரில் குறுக்குக்கோடு விழுந்ததைக் கேட்ட அன்று முதல் அசைந்து நிற்கலானான். பந்தைக் கைவிட்டவனை வையும் வழக்கம் மறைந்து, ‘நல்லா எட்டுனடா’ என்னும் குரல் மைதானத்திலே கேட்டது. அப்பருவத்திலே வென்ற ஆட்டங்களும் உண்டு, தோற்றவையும் உண்டு. கிண்ணம் எதுவும் எம் பாடசாலைக்கு வரவில்லை. ஆனால் பருவம் முடியும்வரை இரண்டு பந்துகளே எமக்குப் போதுமாயின. பள்ளத்திலே விழுந்து தொலைந்தது ஒன்றுமில்லை.

இவ்விடத்திலே எச்சரிக்கையொன்று கூறுதல் எம் கடமை. ஓசையின்றி உழைப்பவரைப் புகழ்வது எளிது. புகழ்ந்துவிட்டு அவரை அவ்விடத்திலேயே நிறுத்திவைத்தல் அதனினும் எளிது. தேயிலைப் பெட்டியின்மேலே கொழுந்து கிள்ளும் பெண்ணின் சித்திரத்தை அழகுற அச்சிடுவோர் உளர். அவள் கூலியைப் பற்றிப் பேசுவோர் அரியர். களத்தடுப்பின் பெருமையைப் பாடுவது, ஒருவனுக்கு என்றுமே துடுப்பைக் கொடாதிருப்பதற்குச் சாக்காகிவிடக் கூடாது. ஆதலால் பயிற்சி ஆட்டங்களிலே துடுப்பெடுக்கும் வரிசையைத் தலைகீழாக்கினோம். பள்ளத்துப் பக்கம் நின்றவன் முதலில் ஆடினான். காப்பேட்டிலே பேர் விழுவது, அடிப்போர் ஏட்டிலே பேர் விழுவதற்குப் பதிலாக ஆகாது. இரண்டும் வேண்டும்.

அம்மாணவன் சாதாரணதரப் பரீட்சை எழுதியபின் பாடசாலைக்கு வரவில்லை. கொழும்பிலே கடையொன்றில் வேலைக்குப் போவதாக, புறப்படும் முன்னாள் தாயுடன் வந்து சொன்னான். உயர்தரம் படிக்கலாமே என்று நாம் எடுத்துக் கூறினோம். “வீட்ல இன்னும் மூணு பேரு இருக்காங்க மாஸ்டர்” என்றார் அந்தத் தாய். அதற்குமேல் எம்மிடம் சொல் இல்லை. விடைபெறும்போது, காப்பேட்டிலே தன் பெயருள்ள பக்கங்களைக் கிழித்துத் தரமுடியுமா என்று அவன் கேட்டான். ஏட்டைக் கிழிக்கவில்லை. ஒரு பருவம் முழுவதும் அவன் தடுத்தவற்றையும் பிடித்தவற்றையும் ஓடியவற்றையும் தனித்தாளிலே படியெடுத்து, அதிபரின் கையொப்பமும் பாடசாலை முத்திரையும் இட்டுக் கொடுத்தோம். அதனை அவன் தாய் வாங்கி, நான்காய் மடித்து, முந்தானையிலே முடிந்துகொண்டார்.

அத்தாளினால் அவனுக்கு வேலை உயருமென்றோ கூலி கூடுமென்றோ நாம் எண்ணவில்லை. கடைமுதலாளிக்குப் பின்காவல் என்பதன் பொருளும் தெரியாது. ஆனால் அவன் செய்தது செய்யப்பட்டதே என்பதற்கு எழுத்திலே ஒரு சான்றுண்டு. பேர் விழுந்தது. ஆசிரியத் தொழிலிலே நாம் பிறருக்குச் செய்யக்கூடியது பல வேளைகளில் இதுவேயாம்: கண்டோம் என்று சொல்லுதல், கண்டதை எழுதிவைத்தல்.

இனி, நம் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்தாருக்கு விண்ணப்பம் இரண்டு. ஆண்டுதோறும் இல்ல விளையாட்டு நாளிலும் பரிசளிப்பிலும் சிறந்த துடுப்பாட்ட வீரனுக்கும் சிறந்த வீச்சாளனுக்கும் கேடயம் வழங்குகின்றோம். இவ்விழா ஆண்டு முதல் சிறந்த களத்தடுப்பாளனுக்கும் அதே அளவினதான கேடயம் ஒன்று வழங்குவோமாக. அதனை எண்ணிக் கொடுக்கும்பொருட்டு ஒரு காப்பேடும் தொடங்குவோமாக. செலவு பெரிதன்று, ஒரு கொப்பியும், கண்ணூன்றிப் பார்க்கும் ஒரு மாணவனும் போதும்.

இரண்டாவது விண்ணப்பம் இம்மலரைப் பற்றியது. அதிபர்களின் பெயர்களும் அணித்தலைவர்களின் பெயர்களும் அச்சேறும் இப்பக்கங்களிலே, விடுதியிலே இருளுக்குள் எழுந்து அடுப்பு மூட்டியோர், மணி தவறாது மணியடித்தோர், ஆய்வுகூடத்துக் குடுவைகளை உடையாது காத்தோர், மைதானத்துப் புல்லைச் செதுக்கியோர் ஆகியோரின் பெயர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. பழைய சம்பளப் புத்தகங்களிலே அப்பெயர்கள் இருக்கும்; இல்லாதவற்றை மூத்த மாணவர் நினைவிலிருந்து திரட்டலாம். நினைவிலுள்ளோர் மறையுமுன் அதனைச் செய்தல் வேண்டும். நாமெல்லாரும் அடித்து ஓடிய ஆண்டுகளிலே, எம்மை நோக்கி வந்த எத்தனையோ பந்துகளை எமக்குத் தெரியாமலே தடுத்து நின்றவர்கள் அவர்கள்.

காத்தவருக்கும் மீட்டவருக்கும் பூச்சூட்டிய தமிழ், அவர்களுக்கு ஒரு பக்கம் கொடுக்க மறுக்காது. கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவளைக் காத்த கைகள் யாவும் வாழ்க.